எட்டு ரூபாய் முப்பது பைசா

போன ஞாயிறு எங்கள் ஃபிளாட் அசோசியேஷன் மீட்டிங். நான் பொருளாளர். பி.காம். படித்தவன் எந்த ஊரில் எந்த வீட்டுக்குக் குடி போனாலும் ஆறே மாதத்தில் பொருளாளர் ஆக்கப்படுவான். ஜாதகத்தில் உள்ளது.

பழைய லிஃப்ட்டைக் கழற்றிவிட்டுப் புதுசு போட வேண்டும். மொத்தம் 24 வீடு. அதில் கீழ்த்தளத்தில் 4. அவர்கள் லிஃப்ட் பட்டனைத் தொட்டதுகூடக் கிடையாது. "எல்லாருக்கும் சமமாப் போட்டுருங்க ஸார். மெஜாரிட்டி சொன்னா அதுதானே சட்டம்?" என்றார் மூன்றாம் மாடி ரிடையர்டு பாங்க் மானேஜர். "கை தூக்குங்க" என்றும் அவரே சொன்னார். மளமளவென்று கைகள் மேலே போயின.

மினிட்ஸ் நோட்டில் என் பேனா இறங்க மறுத்தது. ஏதோ ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சிக்கன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனை என்னைப் பதினேழு வருஷம் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது. "அடுத்த வாரம் எழுதிக்கலாம் ஸார், ரசீது புக் எடுத்துட்டு வரல" என்று பொய் சொல்லி எழுந்துவிட்டேன்.

விஷயம் என்னவென்றால்...

தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிற ஊர் ஒன்றில், சாமியார்கள் நடத்தும் கல்லூரியில் நான் படித்தேன். கல்லூரிப் பெயர் வேண்டாம். கதையில் நான் வருகிற இடம் அவ்வளவு கௌரவமாக இல்லை. 2007 ஜூன். அட்மிஷனில் முதலில் நிரம்பியது பி.காம். அப்புறம் கம்ப்யூட்டர் சயின்ஸ். அப்புறம் ஆங்கிலம். எல்லாம் நிரம்பி, பியூன் நோட்டீஸ் போர்டைப் பூட்டப் போகிற நேரத்தில் வந்து நின்றவர்களுக்கு பி.ஏ. அரசியல் அறிவியல்.

அப்படி வந்து நின்றவன்தான் என் ரூம்மேட். சாத்தூர் பக்கம். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை. சேர்த்துவிட வந்தவர் என்னைத் தனியாக அழைத்துப் போய் ரகசியமாகக் கேட்டார்: "தம்பி, இது எந்தக் கட்சி காலேஜ்?"

அவர் மேல் தப்பில்லை. எங்கள் மாமா ஒருவர், படித்தவர், "பொலிட்டிக்கல் சயின்ஸுன்னா லேப் உண்டாப்பா?" என்றார். நாங்கள் அவனுக்கு 'பார்லிமெண்ட்' என்று பெயர் வைத்தோம். பெயருக்கு ஏற்றபடி நிறையப் பேசுவான், அடிக்கடி வெளிநடப்பு செய்வான்.

அவன் டிபார்ட்மெண்ட்டில் அரசியல் சிந்தனை பாடம் எடுத்தவர்தான் எங்கள் ஹாஸ்டல் வார்டன் ஃபாதர். காலையில் சுதந்திரம் பற்றி லெக்சர். ராத்திரி பத்து மணிக்கு டார்ச் லைட்டோடு வந்து, விளக்கை அணைக்காதவன் யார் என்று விசாரணை. இரண்டையும் ஒரே அங்கி போட்ட ஒரே மனிதர் செய்வது எங்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

இந்தக் கூட்டணி நம் ஊருக்குப் புதுசில்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தன் பிறப்பை 1837-லிருந்து கணக்கு வைக்கிறது. செயின்ட் ஜோசப் கல்லூரி 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி அப்புறம் திருச்சிக்கு வந்தது. பாளையங்கோட்டை செயின்ட் ஜான்ஸ் 1878, மதுரை அமெரிக்கன் கல்லூரி 1881. பைபிளோடு கப்பலில் வந்தவர்கள் பெட்டிக்குள் மில்லையும் லாக்கையும் கூடவே கொண்டுவந்தார்கள். வேதம் படிக்க உட்கார்ந்த பையன், பக்கத்துப் புத்தகத்தையும் புரட்டத்தானே செய்வான்?

ஜான் ஸ்டூவர்ட் மில்லைப் பற்றிப் பார்லிமெண்ட் சொன்ன ஒரு விஷயம் ஆபீஸ் போகிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. தனிமனித சுதந்திரம் பற்றி 1859-ல் உலகம் போற்றும் புத்தகத்தை வெளியிட்ட அந்த மகான், அதற்கு முன் முப்பத்தைந்து வருஷம் ஈஸ்ட் இந்தியா கம்பெனியின் லண்டன் ஆபீஸில் உத்தியோகம் பார்த்தவர். பதினேழு வயதில் சேர்ந்தார். நம் ஊருக்கு வரும் கடிதங்களுக்கு டிராஃப்ட் போடுகிற வேலை. இந்தியா பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அவர் சொன்ன சுதந்திரம் இந்தியர்களுக்கு இப்போதைக்கு இல்லை என்றும் அவரே எழுதி வைத்தார். ஹெட் ஆபீஸ் என்றைக்கும் ஹெட் ஆபீஸ்தான்!

வகுப்பில் ஒரு நாள் நடந்ததை அவன் ரூமுக்கு வந்து நடித்தே காட்டினான். ஃபாதர் அரசியல் சட்டத்தின் 28-வது ஷரத்து எடுத்துக்கொண்டிருந்தார். அதன் மூன்றாவது பிரிவு: அரசு அங்கீகாரமோ நிதியோ பெறுகிற கல்வி நிலையத்தில், ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது.

பார்லிமெண்ட் கை தூக்கினான். "அப்படின்னா ஹாஸ்டல்ல ராத்திரி ஜெபத்துக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கது செல்லுமா ஃபாதர்?"

வகுப்பே மூச்சு விடவில்லையாம். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"செல்லாது. உனக்குப் பதினெட்டு ஆயிட்டா?"

"போன மாசம் ஆச்சு ஃபாதர்."

"அப்ப நீயே எழுதிக் குடு. ஆகாதவன் வீட்டுல கேட்டு எழுதிட்டு வரணும். அதுவும் அதே பிரிவுலதான் இருக்கு. பாதி ஷரத்தப் படிச்சிட்டுக் கேள்வி கேக்காத, முழுசாப் படி."

மறுநாள் ராத்திரியிலிருந்து ஜெபத்துக்கு அட்டெண்டன்ஸ் கிடையாது. வராதவர்கள் ஸ்டடி ஹாலில் உட்காரலாம். பார்லிமெண்ட் இரண்டு நாள் அங்கே கம்பீரமாக உட்கார்ந்தான். மூன்றாம் நாள் ஜெபத்துக்கே திரும்பி வந்துவிட்டான். "என்னல, உன் ஷரத்து என்னாச்சு?" என்று கேட்டேன். "ஸ்டடி ஹால்ல ஃபேன் ஓடல. இங்க பாட்டாவது இருக்குல்லா. ஆனா ஒண்ணு, இப்ப நானா வாரேன்" என்றான்.

அன்றைக்கு எனக்கு அது வெறும் ஜோக்.

இப்போது மெஸ் விஷயம். எங்கள் ஹாஸ்டலில் டிவைடிங் சிஸ்டம். தெரியாதவர்களுக்கு: மாதம் பூராவும் ஆன அரிசி, பருப்பு, கேஸ், சமையல்காரர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, சாப்பிட்ட ஆட்களின் நாட்களால் வகுத்து, அவரவர் நாளால் பெருக்கினால் அவரவர் பில். சிக்கன் மட்டும் தனி. புதனும் ஞாயிறும் டோக்கன் வாங்கியவர்களுக்கு எக்ஸ்ட்ரா என்று பில்லில் ஏறும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள மாணவர்களே ஒரு மெஸ் செக்ரட்டரியைத் தேர்ந்தெடுப்பார்கள்.

2008 ஜூனில் அந்தத் தேர்தல். நியாயமாகப் பார்லிமெண்ட்தான் நின்றிருக்க வேண்டும். ஆனால் மாணவர் தேர்தலுக்காக லிங்டோ கமிட்டி சொன்ன விதிகளை 2006-ல் சுப்ரீம் கோர்ட் ஏற்றுக்கொண்டிருந்தது. வேட்பாளர் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது, முக்கியமாக அரியர் இருக்கக் கூடாது. ஃபாதர் அந்த விதிகளை ஹாஸ்டலுக்கும் பிடித்துக்கொண்டார். பார்லிமெண்ட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு அரியர். ஆக, ஆட்சியியல் படித்தவன் வெளியே. டெபிட் கிரெடிட் படித்த நான் போட்டியின்றி உள்ளே. (நம் தேர்தல் கமிஷனை உலுக்கி நிமிர்த்திய டி.என்.சேஷன்கூடக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தது இயற்பியல்தான். எனவே நான் கூச்சப்படவில்லை.)

சிக்கன் டோக்கன் கணக்கு என் உயிரை எடுத்தது. கள்ள டோக்கன் வேறு. ஜெராக்ஸ் எடுத்து, கலர் பென்சில் தீட்டி, அசலைவிட அழகாக வரும். டிசம்பரில் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. டோக்கனே வேண்டாம்! சிக்கன் செலவையும் பொதுச் செலவில் சேர்த்து எல்லாருக்கும் சமமாக வகுத்துவிடலாம்.

ஹாஸ்டலில் 212 பேர். சைவம் 11 பேர். ஜெனரல் பாடி கூட்டினேன். "கை தூக்குங்க" என்றேன். தூக்கினார்கள். 11 பேர் எதிர்ப்பு. மற்றவர்கள் விசிலடித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்று ராத்திரி பார்லிமெண்ட் கால்குலேட்டரைக் கேட்டு வாங்கினான். அவனும் சிக்கனுக்குக் கை தூக்கியிருக்கலாம், தூக்கவில்லை. இத்தனைக்கும் கோழி எலும்பைப் பொடியாக்கித் தின்கிற ஆள்.

"மாசத்துக்கு எட்டுத் தடவை சிக்கன். தலைக்கு இருவது ரூவா. 160. அதை 201 பேர் திங்கான். மொத்தம் 32,160. நீ அதை 212-ஆல வகுத்துட்ட. தலைக்கு 151 ரூவா 70 பைசா. சரியா?"

"சரி."

"அப்ப சிக்கன் திங்கவனுக்கு எவ்வளவு மிச்சம்?"

"எட்டு ரூவா முப்பது பைசா."

"திங்காதவனுக்கு எவ்வளவு நட்டம்?"

நான் பதில் சொல்லவில்லை. அது ஒரு வாரத்துக்கு மேற்பட்ட சாப்பாட்டுச் செலவு அப்போது.

"எட்டு ரூவாய்க்காக ஒருத்தன் சோத்துல நூத்தம்பது ரூவாயப் பிடுங்கியிருக்க. ஓட்டுப் போட்டுப் பிடுங்கியிருக்க. அதுதான் அழகு" என்றான்.

எனக்கு ரோஷம். "மெஜாரிட்டில. ஜனநாயகம்லாம் நீதான படிக்க?" என்றேன்.

அதற்கு அவன் சொன்ன பதிலில் பாதி நான் தூங்கிவிட்டேன். விழித்திருந்த பாதியை இன்றுவரை மறக்கவில்லை. அரசியல் நிர்ணய சபையில் ஹரேந்திர கூமார் முகர்ஜி என்று ஒரு வங்காளக் கிறிஸ்தவர். ஆங்கிலப் பேராசிரியர். சபையின் துணைத் தலைவர், சிறுபான்மையினர் துணைக் குழுவுக்கும் தலைவர். 1947 ஆகஸ்டில் சட்டசபைகளில் கிறிஸ்தவர்களுக்கும் தனி இட ஒதுக்கீடு என்று முடிவாகியிருந்தது. 1949 மே மாதம் மதச் சிறுபான்மையினருக்கான அந்த ஒதுக்கீட்டை விட்டுக்கொடுக்க முன்னால் நின்றவர்களில் அவர் ஒருவர். சென்னை லயோலா கல்லூரி முதல்வராக இருந்த ஜெரோம் டிசோஸா சாமியாரும் அந்தச் சபையில் உறுப்பினர்.

"ஸீட்டை விட்டுட்டாங்க. ஆனா நம்பிக்கை, வழிபாடு, சொந்தமாப் பள்ளிக்கூடம் காலேஜ் நடத்துத உரிமை, இதையெல்லாம் விடல. 25-லயிருந்து 30 வரைக்கும் எழுதி வாங்கிட்டாங்க. ஏன் சொல்லு? ஸீட்டுங்கது தலையெண்ணுத சமாச்சாரம். இது தலையெண்ணவே கூடாத சமாச்சாரம். எண்ணினா, இந்தக் காலேஜே இருக்காது. நீயும் நானும் இந்தக் கட்டில்ல படுத்திருக்க மாட்டோம்."

மறுநாள் நேரே ஃபாதரிடம் போனான். நானும் கூடப் போனேன், என்னை விட்டுக்கொடுக்காமல் இருக்க. ஃபாதர் கணக்கைப் பார்த்தார். தீர்மானம் தப்பு என்று ஒத்துக்கொண்டார். ஆனால் ரத்து செய்ய மறுத்துவிட்டார்.

"நான் வார்டன். ஒரு கையெழுத்துல ரத்து பண்ணிரலாம். இன்னிக்கு நல்ல காரியத்துக்குப் பண்ணுவேன். நாளைக்கு வாரவர் எதுக்குப் பண்ணுவார்னு தெரியுமா? ஹாப்ஸ் படிச்சேல்லா, ஒருத்தன் கையில மொத்தத்தையும் குடுத்தா என்ன ஆகும்? விதியை நீ எழுது. அதே 212 பேர்ட்ட போய் ஓட்டு வாங்கு."

வெளியே வந்ததும் பார்லிமெண்ட் அவரைத் திட்டிய வார்த்தைகள் இந்தப் பத்திரிகையில் வராது. எனக்கும் அன்று ஃபாதர் நழுவுவதாகத்தான் பட்டது. இன்றும் பாதி அப்படித்தான் படுகிறது. நியாயம் என்று தெரிந்தும் இரண்டு மாதம் காத்திருக்கச் சொல்வது யாருக்குச் சுலபம்? பில் கட்டாதவருக்குச் சுலபம்.

அவன் ரூம் ரூமாக ஏறி இறங்கினான். யாரும் மசியவில்லை. எட்டு ரூபாய் முப்பது பைசாவில் ஒரு டீயும் வடையும் வரும். "போல, நீ சைவமால?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

பிப்ரவரி வந்தது. அந்த வருஷம் விபூதிப் புதன் 25-ம் தேதி. தவக்காலம் ஆரம்பம். ஹாஸ்டலில் பாதிக்கு மேல் கத்தோலிக்கப் பையன்கள். ஈஸ்டர் வரை நாற்பது நாள் கறி தொட மாட்டார்கள், வீட்டு வழக்கம். ஆனால் சிக்கன் இப்போது பொதுச் செலவு! மற்றவர்கள் புதனும் ஞாயிறும் வெளுத்துக் கட்டிக்கொண்டிருக்க, நெற்றியில் சாம்பலோடு இவர்கள் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு சிக்கனுக்கு பில் கட்ட வேண்டும். மெஸ் வாசலில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்னல செக்ரட்டரி, திங்காத கோழிக்கு எதுக்குல துட்டு?"

பார்லிமெண்ட் தூணில் சாய்ந்துகொண்டு சிரித்தான். அன்றைக்குத்தான் ஜான் ரால்ஸ் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டேன். 1971-ல் ஒரு தடி புத்தகம் எழுதியவர். சட்டம் எழுத உட்காருகிறவன், தான் பணக்காரனா ஏழையா, எந்த மதம், எந்தப் பக்கம் என்று எதுவும் தனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு எழுத வேண்டும், அப்போதுதான் நியாயமாக எழுதுவான் என்பது அவர் கட்சி. அதைப் பார்லிமெண்ட் மெஸ் பாஷையில் சொன்னான்: "நாளைக்கு நீ சாம்பாரா சிக்கனான்னு உனக்கே தெரியாதுன்னு வச்சிக்கிட்டு ஓட்டுப் போடுல."

அவன் எழுதிய விதி ஒரு பக்கம்தான். ரூல்டு பேப்பர், ஸ்கெட்ச் பேனா. ஒருவன் சாப்பிடாத பண்டத்துக்கு அவனிடம் காசு வாங்கக் கூடாது. மெஸ் கமிட்டி எதை வேண்டுமானாலும் மாற்றலாம், இதை மட்டும் வெறும் கை தூக்கலில் மாற்ற முடியாது. நாலில் மூன்று பங்கு ஓட்டும் வேண்டும், யார் தலையில் செலவு விழுகிறதோ அவர்களில் பாதிக்கு மேல் சம்மதமும் வேண்டும். எங்கிருந்து பிடித்தாய் என்று கேட்டேன். பாதி 368-வது ஷரத்து, மீதி கேசவானந்த பாரதி வழக்கு என்றான். 1973-ல் பதின்மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து, பார்லிமெண்ட்டே நினைத்தாலும் அரசியல் சட்டத்தின் அடிப்படை அமைப்பை மாற்ற முடியாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதில் தமாஷ், ஏழுக்கு ஆறு. மெஜாரிட்டியால் எல்லாம் முடியாது என்பதை ஒரே ஒரு ஓட்டு மெஜாரிட்டியில்தான் சொல்ல முடிந்தது.

மார்ச் முதல் ஞாயிறு ஓட்டெடுப்பு. இந்தத் தடவை கை தூக்கல் இல்லை, சீட்டு. பிஸ்கட் டப்பாவில் ஓட்டை போட்டுப் பெட்டி. விதி ஏகப்பட்ட ஓட்டில் ஜெயித்தது. விசில், கூச்சல், பார்லிமெண்ட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு மெஸ்ஸைச் சுற்றினார்கள். ஃபாதர் தூர நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அந்த செமஸ்டரில் அவனுக்கு இன்டெர்னல் மார்க்கும் ஒன்றும் கூட்டிப் போடவில்லை.

ராத்திரி விளக்கணைத்த பிறகு இருட்டில் கேட்டான்: "சைவப் பந்தில இன்னிக்கு எத்தனை பேருல?"

"பதினொண்ணு."

"பத்து. நோட்டை எடுத்துப் பாரு."

டார்ச் அடித்துப் பார்த்தேன். பத்துதான். முதல் வருஷம் கணிதம் படித்த பையன். கடையம் பக்கம் ஏதோ கிராமம். டிசம்பர் பில் ஏறியதும் ஜனவரியில் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு தினமும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். போக வர மூன்று மணி நேரத்துக்கு மேல். காலி செய்த அன்று பாக்கி இல்லை என்று சர்டிபிகேட் கேட்டு என்னிடம்தான் வந்து நின்றான். 'நோ ட்யூஸ்' என்று சீல் குத்திக் கொடுத்தேன். ஏன் போகிறாய் என்று கேட்கவில்லை. மாதக் கடைசி, எனக்கு டேலி ஆகாத கவலை.

விதி வந்த பிறகு பார்லிமெண்ட் அவனைத் தேடிப் போய்க் கூப்பிட்டான். "இருக்கட்டும் அண்ணே, பஸ் பழகிட்டு" என்று சொல்லிவிட்டானாம். நான் போகவில்லை. என்ன முகத்தோடு போவது? அவன் அடுத்த வருஷமும் படித்தானா என்றுகூட எனக்குத் தெரியாது.

பார்லிமெண்ட் அரியரை எழுதி முடித்தான். எம்.ஏ. சேர்ந்தான். யு.பி.எஸ்.ஸி. மூன்று தடவை, மூன்றும் மெயின்ஸோடு நின்றது. இப்போது ஒரு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறான். கிராம சபைக் கூட்டத்தில் கடைசி வரிசைப் பாட்டி பேசி முடிக்கும்வரை தீர்மானம் எழுத மாட்டான் என்று அங்கே அவன் மேல் ஒரு புகார் உண்டாம்.

ஞாயிறு மாலை அவனுக்கு போன் போட்டேன். லிஃப்ட், 24 வீடு, 4 வீடு, எல்லாம் சொன்னேன். கீழ் வீட்டுக்காரர்கள் பங்கு கொடுக்கத்தான் வேண்டுமா, சட்டப்படி எப்படி, நியாயப்படி எப்படி என்று கேட்டேன். லிஃப்ட் என்பது சிக்கன் இல்லையே, கட்டடத்துக்கே மதிப்புக் கூடுமே என்று எனக்கு நானே வக்கீலாகவும் பேசினேன்.

"அது நீங்கல்லாம் உக்காந்து பேசுங்க. எதுவா இருந்தாலும் பேசி எழுது" என்றான். பிறகு, "ஆமா, அந்த நாலு வீட்டுல யாரு இருக்கா?" என்று கேட்டான்.

ஒன்றில் டெய்லர் கடைக்காரர். ஒன்றில் ஒரு வயசான அம்மா, தனியாக. மற்ற இரண்டு... யோசித்தேன். மெயின்டனன்ஸ் ரசீதில் ஜி-3, ஜி-4 என்றுதான் எழுதி வந்திருக்கிறேன்.

"பேர் தெரியாதோ?" என்றான். சிரித்தானா என்று போனில் தெரியவில்லை. "சரி, வைக்கேன். சாப்பிட்டியா?"

சட்டையை மாட்டிக்கொண்டு, ரசீது புத்தகத்தை வைத்துவிட்டுக் கிளம்பினேன். நாலாவது மாடி. லிஃப்ட் கதவு திறந்து நின்றது. ஏறக் கூச்சமாக இருந்தது. படியில் இறங்கினேன்.